கனகா வீட்டுக் காஷ்மீர்

கனகா யாரையும் லேசில் நம்பமாட்டாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, சிலிண்டரை ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். பால்காரர் ஒருநாள் சிரித்த முகமாக, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. இன்றைக்கு என்ன திடீர் மரியாதை? பாலில் எதைக் கலந்தான்?

பார்க்கிற வேலையும் அப்படித்தான். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகத் தரம் பிரிக்கிறாள். சூளையிலிருந்து இறங்குகிற வெள்ளை ப்யூஸ் கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்ட வேண்டும். கணீர் என்றால் நல்ல சரக்கு. சத்தம் அமுங்கினால் உள்ளே எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கிறது, தள்ளிவிட வேண்டியதுதான். கண்ணுக்கே தெரியாத விரிசலைக் காதால் பிடித்துவிடுவாள். கனகா தட்டிய பெட்டியை மறுபடி யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவ்வளவு பெயர்.

அப்பேர்ப்பட்டவள்தான் ஒரே மகள் துர்கா கல்யாணத்தில் கோட்டை விட்டாள். மாப்பிள்ளை வீட்டார் திட்டக்குடிப் பக்கம். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் என்றார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சிரிப்பு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினாள் கனகா. கல்யாணமாகி நாற்பதாவது நாள், திருப்பூரில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டியும் மூன்று வயசுக் குழந்தையும் இருப்பது தெரியவந்தது. கோர்ட்டு, வக்கீல் என்று இரண்டு வருஷம் அலைந்து, அந்தக் கல்யாணமே செல்லாது என்று தீர்ப்பு வாங்கி எட்டு மாசம் ஆகிறது. தீர்ப்பன்று கோர்ட்டு வாசலில் அந்த வீட்டுக் கிழவி ஒருத்தி விரலை ஆட்டிச் சொன்னாள்: "பாத்துக்கிட்டேதான் இருப்போம், ஒங்க பொண்ணு எந்த லட்சணத்துல பொழைக்கிறான்னு. எங்களுக்கும் ஆளு இருக்குது."

அந்த வார்த்தை கனகாவின் காதில் விழுந்தது விழுந்ததுதான். கட்டை தட்டினாலும் போகவில்லை, துணி துவைத்தாலும் போகவில்லை. ஒரு தடவை ஏமாந்தாயிற்று, இனி ஒரு ஈ காக்கை என் பெண் பக்கம் வரட்டும் பார்க்கிறேன் என்று கறுவிக்கொண்டாள்.

மாசாமாசம் வீட்டு மனையில் ஒரு ஊரை ஜோடிக்கிற கூத்து தொடங்கியதும் கனகாவின் வாயால்தான். துர்கா வீடு திரும்பிய புதிதில் ஒன்றரை மாசம் அறையை விட்டு வெளியே வரவில்லை. தெருவில் பெரியம்மாள் என்ற பக்கத்து வீட்டுக்காரி தினமும் கேட்பாள், "எங்கடி ஒன் பொண்ணு, கண்ணுலயே காணும்?" கனகாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. "பாண்டிச்சேரில என் தங்கச்சி வூட்டுல இருக்கா. கம்ப்யூட்டரு கோர்ஸு படிக்கிறா" என்று அவிழ்த்துவிட்டாள். ஜன்னலுக்கு அந்தப்புறம் துர்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்ன செய்தாள் தெரியுமா? பெரியம்மாள் வீட்டு மாடி கட்டக் கொட்டியிருந்த மணலை இரவல் வாங்கிப் பக்கவாட்டுக் காலி மனை முழுக்கப் பரப்பினாள். கொடியில் அம்மாவின் நீலப் புடவைகளை அலை அலையாகக் கட்டினாள். தெர்மாகோலில் ஒரு கலங்கரை விளக்கம். இரண்டு ஓட்டைக் குடை. ஒரு குண்டான் சுண்டல். எல்லாம் முடிந்ததும் வீடு வீடாகப் போய், "நான் பாண்டிச்சேரிலதான் இருக்கேன், எல்லாரும் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள்.

கனகாவுக்கு அவமானத்தில் உயிரே போய்விட்டது. வேடிக்கை பார்க்க வந்த தெரு ஜனமோ மணலை விட்டு எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் புரண்டார்கள். பெரியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் கால் நனைப்பதுபோல நடந்து காட்டினாள். கனகாவின் புருஷன் கொளஞ்சியப்பன், சூளையில் வேலை பார்த்து வெந்த மனுஷன், மணலில் மல்லாந்து படுத்து, "ஏ கனகா, காத்து நல்லா வருதுடி" என்றான். துர்கா அன்றைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே கனகா வாயை மூடிக்கொண்டாள்.

அப்புறம் மாசம் ஒரு ஊர். வாழைத்தண்டும் கயிற்றுக் கட்டிலும் வைத்துக் கேரளப் படகு. சீரியல் லைட்டில் மைசூர் அரண்மனை. தெருவில் பாதிப் பேர் ஸ்ரீமுஷ்ணம் தேரைத் தாண்டி எதையும் பார்க்காதவர்கள். துர்கா வீட்டு மனையில் உட்கார்ந்தபடியே ஊர் சுற்றினார்கள். பிறகு பிறந்த நாள், காது குத்து என்று மற்ற வீடுகளிலும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

லைட்டும் துணியும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வரும். பந்தல் கடை வைத்திருக்கும் பாரி என்பவன் ஏற்றிக்கொண்டு வருவான். முப்பத்திரண்டு வயசு, அதிகம் பேசாத ஆள். அதுவே கனகாவுக்கு உறுத்தியது. ஒரு மணி நேர வேலையை இவன் ஏன் மூன்று மணி நேரம் கட்டுகிறான்? "காத்து அடிக்குதும்மா, அவுந்து அவுந்து போவுது" என்றாள் துர்கா. கனகா வெளியே போய் அண்ணாந்து பார்த்தாள். வேப்பமரத்தில் ஓர் இலை ஆடவில்லை. சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று அன்றிலிருந்து அவன் வந்தால் இவளும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். பாவம், அவன் தண்ணீர் கேட்கக்கூடப் பயந்தான்.

இந்த மே மாசம் காஷ்மீர். விருத்தாசலம் வெயிலில் காஷ்மீர்! கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பீங்கான் பொம்மை வார்க்கிற பிளாஸ்டர் அச்சுகள் நாள்பட்டால் தேய்ந்துவிடும். அவற்றைக் கம்பெனிக்குப் பின்னால் மலையாகக் கொட்டிவைத்திருப்பார்கள். துர்கா அதைக் கேட்டு வாங்கி, குட்டியானை வண்டியில் இரண்டு நடை ஏற்றிவந்து, மனையின் கோடியில் ஆள் உயரத்துக்கு அடுக்கினாள். சும்மா சொல்லக்கூடாது, சாயங்கால வெளிச்சத்தில் அசல் பனிமலை. முன்னால் நீலத் தார்ப்பாயில் தண்ணீர் விட்டு ஏரி. ஏரியில் பூப்போட்ட திரைச்சீலை கட்டிய கட்டில், அதுதான் படகு. ஐஸ் பாளங்களை முன்னால் வைத்து நாலு டேபிள் ஃபேன் சுற்றியது. வருகிறவர்கள் கம்பளியில் ஏதாவது ஒன்று போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்று சட்டம். தெருவே மங்கி குல்லாவில் வியர்த்துக்கொண்டு வந்தது. கொளஞ்சியப்பன் ஸ்வெட்டர் போட்டுப் படகு தள்ளினான்.

அன்றைக்கு வந்தவர்களில் ஒரு முகம் கனகாவுக்குத் தெரியவில்லை.

அறுபது வயசு இருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கக்கத்தில் மஞ்சள் பை, தலையில் பெயருக்கு ஒரு கம்பளித் துண்டு. தனியாக வந்து, பனிமலைக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். படகைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை. துர்கா போகிற பக்கமெல்லாம் அவள் தலையும் போனது.

"யாரு பெரியம்மா அது?" என்று கனகா கேட்டாள்.

"நீ கூப்புட்ட ஆளுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் பெரியம்மாள். "எங்கிட்ட வந்து, இந்த வூட்டுல சண்ட கிண்ட வருமா, பொண்ணு கோவக்காரியான்னு கேட்டுச்சு. நான் என்னாத்த சொல்ல? அவங்க அம்மாதான் கோவக்காரின்னு சொன்னேன்."

கனகாவுக்குக் கோர்ட்டு வாசல் ஞாபகம் வந்தது. எங்களுக்கும் ஆள் இருக்குது என்று அந்தக் கிழவி சொன்னாளே! தட்டில் காஷ்மீர் புலாவும் கோழிக் குழம்பும் வைத்துக்கொண்டு நேரே அந்த அம்மாளிடம் போனாள். நெய்யில் வறுத்த முந்திரியைத் தட்டு நிறையத் தூவியிருந்தாள். மற்றவர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிய புலாவ் அது.

"சாப்புடுங்க."

"வவுறு சரியில்லம்மா" என்றாள் அந்த அம்மாள், சிரித்துக்கொண்டே.

சரி என்று திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்து வெங்காய பஜ்ஜியைக் கொடுத்து அனுப்பினாள். எண்ணெய் ஆகாது என்று பதில் வந்தது. ஏலக்காய் டீ கொண்டுபோனாள். பித்தம் என்றாள். கடைசியாகப் பாயசம். சர்க்கரை இருக்கிறதாம். தண்ணீர் மட்டும், அதுவும் தன் பையிலிருந்த பாட்டிலிலிருந்து, அண்ணாந்து ஊற்றிக் குடித்தாள்.

ஒரே உடம்பில் நாலு வியாதியா? நம்பச் சொல்கிறாயா? கனகா இருபத்திரண்டு வருஷம் எதைப் படித்தாளோ இல்லையோ, அமுங்கின சத்தம் எது என்று படித்திருக்கிறாள். ஒரு டம்ளர் டீயைக்கூடத் தொடவில்லை என்றால், ஒன்று நம்மை இளப்பமாக நினைக்க வேண்டும், இல்லை மனசில் விஷம் இருக்க வேண்டும். உப்புத் தின்ற வீட்டுக்கு எப்படித் துரோகம் செய்வது என்றுதான் உப்பையே தொடவில்லை. கனகாவுக்கு அப்படித்தான் தோன்றியது.

அந்த அம்மாள் எழுந்து நடக்க, டீ ஜக்கோடு கனகாவும் பின்னாலேயே போனாள். மலையின் பின்பக்கம் போய், அச்சுக் கட்டிகளை விரலால் சுரண்டிப் பார்த்தாள் அந்த அம்மாள். துணி துவைக்கிற கல், பாத்திரம் கழுவுகிற இடம், ஒன்றையும் விடவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எண்ணுகிறாளா என்ன! பிறகு போனை எடுத்து, பிள்ளைகளுக்கு மத்தியில் சிரித்துக்கொண்டிருந்த துர்காவை ஒரு போட்டோ பிடித்தாள். யாருக்கோ போன் போட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாத்துட்டேன். ஆமா, சிரிச்சிக்கிட்டுதான் இருக்கா. நல்லா பெரிய ஏற்பாடுதான். இல்ல, நான் எதயும் தொடல. கெளம்பிட்டேன், வந்து பேசிக்கலாம்."

அவ்வளவுதான். நாளைக்குத் திட்டக்குடி முழுக்க என்ன பேசுவார்கள் என்று கனகாவின் காதில் இப்போதே கேட்டது. புருஷன் வீட்டை விட்டு வந்தவள் குல்லா போட்டுக்கொண்டு கூத்தடிக்கிறாள், போட்டோ பாருங்கள். அந்தப் பேச்சு கோவிலுக்குப் போகும், பஸ் ஸ்டாண்டுக்குப் போகும், என்றைக்காவது நல்ல இடம் ஒன்று வந்தால் அங்கேயும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பெண்ணுக்குத் திரும்பிக் கிடைத்த சிரிப்பும் போய்விடும். ஜக்கைத் தரையில் வைத்தாள். ஓட்டமாக ஓடி கேட்டை மறித்து நின்றாள்.

"நில்லுங்க. திட்டக்குடிலேருந்து யாரு அனுப்புனா ஒங்கள?"

அந்த அம்மாள் திகைத்தாள். "என்னம்மா கேக்குற?"

"நடிக்காதீங்க! போட்டோ புடிச்சீங்கல்ல? கொண்டுபோயி காட்டுங்க. காட்டுறப்ப இதயும் சேத்துச் சொல்லுங்க." கனகாவின் குரல் எழும்பிய வேகத்தில் ஃபேன் சத்தம்கூடக் கேட்கவில்லை. மங்கி குல்லாக்கள் எல்லாம் திரும்பின. "என் பொண்ணு பாண்டிச்சேரில படிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்கதான் ரூம்புல கெடந்து அழுதுச்சு. கல்யாணம் ஆனவனுக்குக் கட்டிக்குடுத்து ஏமாந்தோம். அது அவ தப்பு இல்ல, என் தப்பு. அவள ஒரு வார்த்த கேக்கல, அந்த வூட்டப் பத்தி நாலு பேர விசாரிக்கல, சிரிச்சாங்கன்னு நம்பிக் குடுத்தேன். வெக்கக்கேட்டுக்குப் பொய் சொன்னவ நானு. இப்ப அவ சிரிக்கிறா. அது பொறுக்கலியா ஒங்களுக்கு?"

இரண்டரை வருஷத்துக்கு மேலாகத் தெருவுக்கு மூடி மூடி வைத்ததை எல்லாம் தானே தெருவில் கொட்டியாயிற்று. பெரியம்மாள் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

துர்கா ஓடிவந்தாள். "அம்மா, ஐயோ, அவங்க பாரியோட அம்மா."

"எந்தப் பாரி?"

"லைட்டு கட்டுற பாரிதான். நானும் அவரும் ஆறு மாசமா யோசிச்சிக்கிட்டு இருக்கோம். மொதல்ல அவங்க வந்து பாக்கட்டும், அப்பறம் ஒங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். மொதல்லயே சொல்லியிருந்தா நீ அவங்க ரேசன் கார்டக் கேட்டிருப்ப."

அந்த அம்மாள் மஞ்சள் பையைக் கை மாற்றிக்கொண்டாள். "என் பேரு ராஜம்மாள். ஸ்ரீமுஷ்ணம். பொண்ணு பாக்க வந்தவ, பேச்சு முடியறதுக்கு முன்னாடி பொண்ணு வூட்டுல எப்படிம்மா கை நனைப்பேன்? நீயோ விடாம தட்டு தட்டா நீட்டுற. நானும் எத்தன நோவத்தான் சொல்லுவேன்?"

கனகாவுக்கு இப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த முறை. பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மனசு ஒத்துப்போகிற வரைக்கும் பெரியவர்கள் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். திட்டக்குடிக்காரர்கள் முதல் நாளே இலை போடச் சொல்லி, குழம்பை மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டார்கள். என்ன பந்தா இல்லாத ஜனங்கள் என்று அன்றைக்கு அதற்கும் பூரித்துப்போனவள்தான் இவள். இன்றைக்கு முறை தெரிந்த ஒருத்தி வந்து உட்கார்ந்தால், உளவு என்று கேட்டை மறிக்கிறாள். பெண் பார்க்க ஒரு ஆள் வரும் என்கிற நினைப்பே அவளுக்கு அற்றுப்போயிருந்தது.

"போச்சு" என்று அப்படியே கேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நானே கெடுத்துட்டேன். மறுபடியும் நானே கெடுத்துட்டேன்."

ராஜம்மாள் அவளை எழுப்பவில்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தாள்.

"நான் வேணாம்னு புள்ளைகிட்ட சொல்லத்தான் இப்ப இங்கேருந்து கெளம்புனேன். வந்ததும் பயமாயிடுச்சு. வீணாப்போன அச்ச அடுக்கி மலைன்னு சொல்றாங்க, கட்டில மெதக்கவுட்டுப் படகுன்னு சொல்றாங்க. இவ்ளோ ஜோடிக்கத் தெரிஞ்ச வூட்டுல எத மறைச்சாலும் நமக்குத் தெரியாதேன்னு நெனச்சேன். என் புள்ளைக்கும் ஒரு தடவ ஆயிடுச்சும்மா. அந்தப் பொண்ணுக்கு இஷ்டமில்ல. வூட்டுல மறைச்சிக் கட்டிவெச்சாங்க. பன்னண்டாம் நாளு கடுதாசி எழுதி வெச்சிட்டு வூட்ட வுட்டுப் போயிடுச்சு. அத நான் கொற சொல்லல. அந்தப் பெத்தவங்களத்தான் சொல்றேன். எங்கள ஒரு கேள்வி கேக்கல. எதுக்கும் சிரிப்பு, எல்லாத்துக்கும் சரி." ராஜம்மாள் மூச்சு விட்டுக்கொண்டாள். "நீ இப்ப கேட்டு முன்னாடி நின்னு கத்துன பாரு. இந்த வூட்டுல அது ஒண்ணுதான் ஜோடிக்காதது. எழுந்திரு. எலயப் போடு."

கொளஞ்சியப்பன் ஏரித் தண்ணீரில் முழங்கால் வரை நின்றபடி, "போடுடி, என்னா பாத்துக்கிட்டு இருக்க?" என்று அவசரப்படுத்தினான். ஸ்வெட்டருக்குள் அவன் தொப்பலாக நனைந்திருந்தான்.

கனகா எழுந்து சமையல்கட்டுக்கு ஓடினாள். இலையைக் கழுவினாள். புலாவில் கரண்டியைப் போட்டாள். போட்ட கை எழும்பவில்லை. இதை எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. போன தடவையும் இப்படித்தான், சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் மூன்று தடவை குழம்பு ஊற்றினாள். உள்ளே துர்கா என்ன முகத்தோடு நின்றாள் என்று ஞாபகமே இல்லை. பார்த்திருந்தால்தானே ஞாபகம் இருக்கும்.

கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மகள் எதிரில் போய் நின்றாள்.

"துர்கா, போடட்டுமா?"

துர்கா அம்மாவையே பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு ராஜம்மாள் பக்கம் திரும்பினாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க அத்த. இன்னிக்கு எல வேணாம். நீங்க எங்க வூட்ட முன்னாடி பின்னாடி எல்லாம் பாத்துட்டீங்க. ஒங்க வூட்ட நான் பாக்கல. வர்ற ஞாயித்துக்கெழம நான் ஸ்ரீமுஷ்ணம் வரேன். துணி தொவைக்கிற கல்லுலேருந்து எல்லாம் பாக்குறேன். எனக்குப் புடிச்சிருந்தா ஒங்க வூட்டுல நான் மொதல்ல கை நனைக்கிறேன். அப்பறம் நீங்க இங்க வந்து சாப்புடுங்க."

பெண் போய் மாப்பிள்ளை வீடு பார்ப்பதா! பெரியம்மாள் வாயில் கை வைத்தாள். கனகாவுக்குப் பயமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ராஜம்மாள் துர்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வா" என்றாள். "சும்மா வராத, நல்லா வெளிச்சத்துல வா. எங்க வூட்டு மேக்கால செவுரு ஒழுவும், அதயும் காட்டுறேன்."

கனகா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இத்தனை களேபரம் செய்தவளுக்கு இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க என்ன உரிமை இருக்கிறது? மகள் பக்கத்தில் போய், சின்னப் பிள்ளை மிட்டாய் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"நானும் கூட வரட்டாடி?"

"பின்ன?" என்றாள் துர்கா. அம்மாவின் தோளில் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டாள். "நீ வராம அங்க எனக்காக சந்தேகப்பட யாரு இருக்கா?"